போய்த் திரும்பி வர ஒரு தாள்

ஜெர்மனிக்கு வேலைக்கு வரப்போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் உள்ளே வருவதைப் பற்றித்தான். விசா வர எத்தனை வாரம் ஆகும்? பட்டம் படித்தவர்களுக்கான வேலை அனுமதி அட்டையான ப்ளூ கார்டுக்குச் சம்பளம் எவ்வளவு வேண்டும்? நம் கல்லூரிப் பட்டம் இங்கே செல்லுமா? இவற்றுக்கெல்லாம் தேடினால் பதில் கிடைத்துவிடும். யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று நடுராத்திரி போன் வந்தால், மறுநாளே விமானம் ஏறவும், அவரைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பி வரவும் உங்கள் கையில் இருக்கும் காகிதம் இடம் கொடுக்குமா?

2021-இல் இங்கே வந்தேன். பெரிய தொழிற்சாலைகள் நிறைந்த தெற்கு ஜெர்மன் நகரம் ஒன்றில் மென்பொருள் வேலை. என் குடியிருப்பு ஆவணங்கள் ஒவ்வொன்றையும் இன்று நான் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். புதிதாக வருகிறவர்களும் முதல் நாளிலிருந்தே அப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வரிசை. இந்தியாவில் வாங்கும் டி வகை விசா ஒரு நுழைவுச்சீட்டு மட்டுமே. சில மாதங்கள், அதிகம் போனால் ஓராண்டு செல்லும். அது முடிவதற்குள் நீங்கள் குடியேறிய ஊரின் வெளிநாட்டினர் அலுவலகத்தில் விண்ணப்பித்து குடியிருப்பு அட்டை வாங்க வேண்டும். அதற்கு முன்னால் முகவரிப் பதிவு. ஆன்மெல்டுங் என்று எல்லோர் வாயிலும் புழங்குகிற சொல் அதுதான். வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. இந்தக் கடிதத்தைத் தர மாட்டேன் என்கிற வீட்டை, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், எடுக்காதீர்கள். பதிவு இல்லையென்றால் வரி எண் தபாலில் வந்து சேர வழியில்லை, வங்கிக் கணக்கு இழுக்கும், வெளிநாட்டினர் அலுவலகமும் உங்களை எடுத்துக்கொள்ளாது. எந்த ஊரில் பதிவோ அந்த ஊர் அலுவலகம்தான் உங்களுக்கு. பதிவு முடிந்த கொஞ்ச நாளில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும். மோசடி என்று கிழித்துப் போட்டுவிட வேண்டாம். வீட்டுக்கு வீடு சட்டப்படி கட்ட வேண்டிய பணம் அது.

ப்ளூ கார்டுச் சம்பள வரம்பு ஆண்டுதோறும் மாறும். 2025-இல் அது 48,300 யூரோவாக இருந்தது. ஆள் தட்டுப்பாடுள்ள துறைகளுக்கும் அண்மையில் படிப்பை முடித்தவர்களுக்கும் 43,759.80. பட்டத்தின் மதிப்பை அனாபின் என்ற தளத்தில் பார்ப்பார்கள். உங்கள் கல்லூரியும் பட்டமும் அதில் இருந்தால் அந்தப் பக்கங்களை அச்செடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பான் நகரத்திலுள்ள மைய அலுவலகத்தில் 208 யூரோ கட்டி மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். இந்தப் பகுதியை இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை. வேலை கொடுக்கும் நிறுவனங்களே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகின்றன.

அவர்கள் சொல்லாதது இது. அட்டையின் ஆயுள் உங்கள் பாஸ்போர்ட்டின் ஆயுளைத் தாண்டாது. ப்ளூ கார்டு நான்கு ஆண்டு வரை தரலாம் என்று சட்டம் சொல்கிறது. பாஸ்போர்ட் இரண்டரை ஆண்டில் முடிகிறது என்றால் அட்டையும் அன்றோடு சரி. எனக்கு நடந்தது அதுதான். வேலையில் எந்த மாற்றமும் இல்லை, நிரந்தர ஒப்பந்தம், ஆனாலும் 2024-இல் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. ஊரில் இருக்கும்போதே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு வருவது எவ்வளவு நல்லது என்று இப்போது கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். இரண்டு ஆண்டு மிச்சமிருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

புதுப்பிக்க டெர்மின் வேண்டும். முன்பதிவு நேரத்தை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், தமிழ் பேசும்போதும். எங்கள் ஊர் அலுவலகத்தில் இணையத்தில் டெர்மின் தேடினால் நாள்காட்டி முழுக்கச் சாம்பல் நிறமாக இருக்கும். காலை ஏழு மணிக்குப் பார், நள்ளிரவு பன்னிரண்டுக்குப் பார் என்று ஆளுக்கொரு உபாயம் சொல்வார்கள். தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். ஆட்கள் பற்றாக்குறை என்பது உண்மை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களை வேலைக்கு வா வா என்று அழைக்கிற ஒரு நாடு, அவர்கள் சட்டப்படி தங்கியிருக்கிறார்கள் என்று காட்ட ஒரு தாளை நேரத்துக்குத் தர முடியாமல் திணறுவது சரியில்லை. இதை நான் யாரிடமும் மென்று விழுங்கிச் சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில் பலரும் பயந்துபோகிறார்கள். அட்டை முடிகிறது, டெர்மின் இல்லை, சட்டவிரோதமாகிவிடுவோமா? ஆக மாட்டீர்கள், ஒரு நிபந்தனையோடு. குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, நான்காம் உட்பிரிவு: இருக்கும் அனுமதி முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், அலுவலகம் முடிவெடுக்கும் வரை பழைய அனுமதி தொடர்வதாகவே கொள்ளப்படும். வேலை செய்யும் உரிமையும் சேர்ந்தே தொடரும். டி விசாவில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும், சுற்றுலாவுக்குத் தரும் ஷெங்கன் விசாவுக்குப் பொருந்தாது. இங்கே பார்க்க வேண்டியது விண்ணப்பித்த தேதியை, டெர்மின் தேதியை அல்ல. டெர்மின் கிடைக்கவில்லை என்று காத்திருக்காதீர்கள். இணையப் படிவம் இருந்தால் நிரப்பி, ரசீதைச் சேமியுங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்தை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அலுவலக வாசலில் இருக்கும் தபால்பெட்டியில் சாட்சியோடு போட்டாலும் சரி. மின்னஞ்சலும் அனுப்பிவையுங்கள். என்றைக்கு விண்ணப்பித்தீர்கள் என்பதற்கு எழுத்தில் ஓர் ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

இதுவரைக்கும் இங்கே தங்கியிருக்கும் உரிமை. வெளியே போய்த் திரும்பி வர அது போதாது. அந்த உரிமையைக் காட்டும் ஒரு சான்று தனியாக உண்டு. நாங்கள் ஃபிக்ஷன் பேப்பர் என்போம். 13 யூரோ. மடித்த தாள், உள்ளே மூன்று கட்டங்கள் இருக்கும். நம்மைப் போல அனுமதி வைத்திருந்து நீட்டிப்புக் கேட்டவர்களுக்கு மூன்றாவது கட்டத்தில் குறி இருக்க வேண்டும். அதுதான் நான்காம் உட்பிரிவு. மற்ற இரண்டில் ஒன்றில் குறி இருந்தால் நாட்டில் இருக்கலாம், ஆனால் வெளியே போனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு திரும்ப முடியாது. தாளைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று எந்தக் கட்டம் என்று பாருங்கள். தவறான கட்டத்தில் குறி போட்டுக் கொடுத்து, பிறகு திருத்தி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

என் அட்டை முடிந்து, இந்தத் தாள் கைக்கு வந்திருந்த காலத்தில்தான் கும்பகோணத்திலிருந்து தம்பி போன் செய்தான். அப்பாவுக்குப் பக்கவாதம், தஞ்சாவூரில் சேர்த்திருக்கிறோம், கிளம்பி வா அக்கா என்றான். போவதில் சிக்கலே இல்லை. திரும்பும்போதுதான்.

சென்னை விமான நிலையம், பிராங்க்பர்ட் போகும் நேரடி விமானம், நள்ளிரவு தாண்டிய நேரம். கவுண்டரில் இருந்த பெண் என் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், இது எக்ஸ்பயர் ஆயிடுச்சே."

"ஆமாம்மா. கூடவே இந்தத் தாளையும் பாருங்க."

தாளை விரித்துப் பார்த்தார். முழுக்க ஜெர்மன். என் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போனார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. செல்லாத ஆவணத்தோடு ஒருவரை ஏற்றிவிட்டால் விமான நிறுவனத்துக்கு அபராதம், ஆளைத் திருப்பி அழைத்து வருவதும் அவர்கள் தலையில்தான். அதனால் தெரியாத காகிதம் என்றால் தயங்கத்தான் செய்வார்கள். நான் கிளம்பும்போதே ஒரு வேலை செய்திருந்தேன். ஷெங்கன் என்ற பொது விசா முறையில் உள்ள ஐரோப்பிய நாடுகள் ஏற்கும் குடியிருப்பு ஆவணங்களின் பட்டியலை ஐரோப்பிய ஒன்றியம் வெளியிடுகிறது. அதில் ஜெர்மனியின் கீழ் இந்தச் சான்றும் இருக்கிறது: மூன்றாம் பக்கத்தில் மூன்றாம் கட்டம் குறிக்கப்பட்டிருந்தால், காலாவதியான அட்டையையோ விசாவையோ சேர்த்துக் காட்டினால் நுழையலாம். அந்தப் பக்கத்தின் ஆங்கில வடிவத்தை அச்செடுத்து, அந்த வரிக்கு மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தேன். மேற்பார்வையாளர் வந்து கட்டத்தின்மேல் விரலை வைத்தார், பட்டியலின் வரியைப் படித்தார், மறுபடி கட்டத்தைப் பார்த்தார். யாருக்கோ போன் போட்டு எழுத்துக்கூட்டிச் சொன்னார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் போர்டிங் பாஸ் அடித்துக் கொடுத்தார். பிராங்க்பர்ட்டில் குடிநுழைவு அதிகாரி மூன்றையும் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் முத்திரை குத்தினார். அவர்களுக்கு அது தினமும் பார்க்கிற தாள்.

அதனால் சொல்கிறேன்: பழைய அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், அலுவலகத்திலும் கொடுத்துவிடாதீர்கள். பாஸ்போர்ட், பழைய அட்டை, புதிய தாள், மூன்றும் சேர்ந்துதான் ஓர் ஆவணம். கூடுமானவரை நேரடி விமானம் பிடியுங்கள். இடையில் வேறு ஊரில் விமானம் மாறினால் இந்தத் தாளை இன்னொரு கவுண்டரிலும் விளக்க வேண்டிவரும்.

அலுவலகம் தாளே தரவில்லை, பதிலும் இல்லை என்றால்? அவசரப் பயணம் என்றால் மருத்துவமனைக் கடிதத்தோடு நேரே போய்க் கேளுங்கள், பெரும்பாலும் மனம் இறங்குவார்கள். பொதுவான தாமதத்துக்கு வேறு வழி உண்டு. தக்க காரணம் இல்லாமல் மூன்று மாதம் முடிவெடுக்காமல் இருந்தால் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்று நிர்வாக நீதிமன்றச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கு என்றதும் நம்மவர்களுக்கு வயிற்றைக் கலக்கும், அட்டையை ரத்து செய்துவிடுவார்களோ என்று. அப்படி நடக்காது. வழக்கறிஞர் ஒரு கடிதம் எழுதினாலே கோப்பு நகர்வதைப் பார்த்திருக்கிறேன். பணம் இல்லையென்றால் காரித்தாஸ், டியாகோனி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்புகள், செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை நடத்தும் குடியேறியோர் ஆலோசனை மையங்களுக்குப் போங்கள். அரசு நிதியில் நடப்பவை, கட்டணம் கிடையாது. மதம் பார்ப்பதில்லை.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். தமிழர்களுக்கே உரிய தலைவலி இது. என் கணவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலி, முழுப் பெயரும் சொந்தப் பெயர் கட்டத்தில் இருந்தது. இங்கே கணினி குடும்பப்பெயர் இல்லாத மனிதரை ஏற்பதில்லை. முகவரிப் பதிவில் அவருடைய ஒரே பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டார்கள். காப்பீட்டு அட்டையில் அதே பெயர் இரண்டு முறை வந்தது. வங்கியில் முதல் பெயர் இடத்தில் ஒரு கோடு. எங்கள் திருமணச் சான்றிதழிலோ இனிஷியலோடு இருக்கிறது. ஊரில் இதெல்லாம் ஒருவரே என்று பார்த்தவுடன் தெரியும். இங்கே ஒவ்வொன்றும் வேறு ஆள். விமானச்சீட்டு, அட்டை, பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் கவுண்டரில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விசாவுக்குக் கொடுக்கும் முன்பே, அப்பா பெயரையோ வேறு எதையோ குடும்பப்பெயராகப் பிரித்து பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்துவிடுங்கள். இங்கே வந்தபின் மாற்றினால் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும்.

சான்றிதழ்களிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆவணம் உண்மையானது என்று ஒரு நாடு ஒட்டித் தரும் முத்திரைதான் அப்போஸ்டில். அதை மற்ற நாடுகளும் ஏற்பதற்கான ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005-இல் சேர்ந்தது. ஜெர்மனி அதற்கு ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இந்த இரு நாடுகளுக்கிடையே அந்த உடன்படிக்கை நடைமுறையில் இல்லை. ஊரில் ஏஜென்ட் பணம் வாங்கிக்கொண்டு உங்கள் திருமணச் சான்றில் அப்போஸ்டில் ஒட்டித் தருவார், இங்கே பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம் அதைக் கண்டுகொள்ளாது. சந்தேகம் வந்தால் ஜெர்மன் தூதரகம் வழியாக ஆவணச் சரிபார்ப்புக் கேட்பார்கள். தூதரகம் நம்பும் வழக்கறிஞர் ஒருவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கே போய்ப் பதிவேட்டைப் பார்ப்பார். தேவைப்பட்டால் வீட்டுக்கு வந்தும் விசாரிப்பார். செலவு நம்முடையது, மாதக்கணக்கில் ஆகும்.

இது குழந்தை பிறக்கும்போது வந்து இடிக்கும். என் தோழி ஒருத்திக்கு இங்கே மகள் பிறந்தாள். பெற்றோரின் பிறப்புச் சான்றும் திருமணச் சான்றும் கேட்டார்கள். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை. 'பெண் குழந்தை' என்று பதிந்ததோடு சரி, பிறகு பெயர் சேர்க்க யாரும் போகவில்லை. நம் ஊரில் எத்தனை வீடுகளில் இப்படி இருக்கிறது! பிறப்புப் பதிவு முடியாமல் பாஸ்போர்ட் இல்லை, பாஸ்போர்ட் இல்லாமல் குழந்தைக்கு அட்டை இல்லை, இரண்டும் இல்லாமல் பயணம் இல்லை. பேத்தியைக் கையில் வாங்க வேலூரில் ஒரு பாட்டி காத்திருந்தாள். பெற்றோருக்கு அனுமதி இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் குழந்தைக்கு விண்ணப்பிக்க வேண்டும், இதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு பெயரில்லாத சான்றிதழ் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தது. கிளம்பும் முன் உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்து ஒரு முறை வாசித்துப் பாருங்கள். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், மூன்றும் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று.

அப்பா பிழைத்துக்கொண்டார். வலது கை இன்னும் சரியாக வரவில்லை. அம்மா ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறார். அதனால் நானோ கணவரோ ஊரில் நீண்ட நாள் தங்க முடியுமா என்று பார்த்தோம். பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அனுமதி தானாகவே போய்விடும். ப்ளூ கார்டு உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் பன்னிரண்டு மாதம். ஆனால் வீட்டைக் காலி செய்து, முகவரிப் பதிவை நீக்கிவிட்டுப் போனால், நிரந்தரமாகப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ள இடமாகிவிடும். அப்போது மாதக் கணக்கு பேசிப் பயனில்லை. வாடகை வீண் என்று பலர் இதைச் செய்துவிடுகிறார்கள். நீண்ட நாள் ஆகும் என்று தெரிந்தால் போகும் முன்பே அலுவலகத்துக்கு எழுதிக் கூடுதல் அவகாசம் கேட்கலாம். எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு போங்கள்.

அப்பா அம்மாவை இங்கேயே அழைத்துக்கொள்ளக் கூடாதா என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். 2024 மார்ச் 1 முதல் அதற்கு ஒரு வழி திறந்திருக்கிறது. திறன்மிகு பணியாளர்கள் தங்கள் பெற்றோரை அழைத்துக்கொள்ளலாம், கணவன் அல்லது மனைவியும் இங்கே நிரந்தரமாக இருந்தால் மாமனார் மாமியாரையும். ஆனால் அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ முதல் அனுமதி வாங்கியவர்களுக்கு மட்டும். அதற்கு முன்பே வந்து, வரி கட்டி, மொழி படித்து, வேரூன்றியவர்களுக்கு இல்லை. நேற்று வந்தவருக்கு உண்டு, எங்களுக்கு இல்லை என்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இந்தத் தேதிக் கோட்டை அழிக்க வேண்டும். அந்த வழி திறந்திருப்பவர்களும் பெற்றோருக்கு முழுமையான மருத்துவக் காப்பீட்டைக் காட்ட வேண்டும். எழுபது வயதுக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலையில் அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

எங்களுக்கு மிச்சமிருப்பது ஷெங்கன் விசா, 180 நாளில் 90 நாள். அதற்கு நான் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். 29 யூரோ கட்டணம். அவர்கள் தங்கும் செலவும் நோய்ச் செலவும் என் பொறுப்பு என்று கையெழுத்து. கூடவே 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு. அப்பாவால் இப்போது அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது என்கிறார் மருத்துவர். அதனால் அம்மாவுக்கு மட்டும் விண்ணப்பிப்பதா, அம்மா வந்தால் அப்பாவைத் தம்பி பார்த்துக்கொள்வானா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இதற்கிடையே நிரந்தரக் குடியிருப்புக்கான கோப்பைத் தயார் செய்கிறேன். ப்ளூ கார்டுக்காரர்களுக்கு பி1 என்கிற நடுத்தர அளவு ஜெர்மன் இருந்தால் 21 மாதம், ஏ1 என்கிற தொடக்க அளவு மட்டும் இருந்தால் 27 மாதம் ஓய்வூதியச் சந்தா கட்டியிருந்தால் போதும், 113 யூரோ. அந்த அட்டை வந்துவிட்டால் வேலை மாறினாலும் போனாலும் தங்கும் உரிமை அசையாது. பாஸ்போர்ட் புதிதானால் அட்டையையும் புதிதாக அடித்துத் தர வேண்டும், அவ்வளவுதான், உரிமை கைவிட்டுப் போகாது. உங்களுக்கும் அந்த மாதங்கள் நிறைந்திருந்தால் அட்டை முடியட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.